எஸ்பெராண்டோ வகுப்புப் பயணத்துக்கு எடுத்த வாடகை வேன்

காந்திபுரம் பக்கம் ஒரு டிராவல்ஸில் 5 நாளைக்கு வேன் எடுத்தோம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கேயம், ஈரோடு, கோபி என்று ஊர் ஊராகப் போய் எஸ்பெராண்டோ சொல்லிக் கொடுப்பது திட்டம். 1887ல் சாமென்ஹோஃப் என்பவர் தானே உருவாக்கி வெளியிட்ட மொழி அது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதது, அதனால்தான் அதன் மேல் எங்களுக்கு இவ்வளவு ஆசை.

வண்டி சுத்தம். பலகையும் நோட்டுகளும் வைக்கப் பின்னால் தாராளமாக இடம். ஆனால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு என்பதை முன்னாடியே சொல்லவில்லை. நாங்கள் தினமும் அதில் பாதிகூட ஓடவில்லை, ஓடாத தூரத்துக்கும் காசு கொடுத்தது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. இந்த மாதிரிப் பயணத்துக்கு நாள் வாடகை தனி, கிலோமீட்டர் தனி என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

டிரைவர் அண்ணன் தங்கமான மனுஷன். காங்கேயத்தில் வகுப்பு நடக்கும்போது பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும், செயப்படுபொருளுக்கு 'ன்' சேர்த்தால் போதும், 'காட்டோ' என்றால் பூனை, 'காட்டோன்' என்றால் பூனையை என்றதும், "அட, நம்ம 'ஐ' மாதிரியே இருக்குதுங்க" என்றார். அப்புறம் கோபி வரைக்கும் வழியில் மரத்தைப் பார்த்தால் 'ஆர்போ', மாட்டைப் பார்த்தால் 'போவோ' என்று அவரே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.