நாலு வருட டேப்லெட்டும் அப்பாவின் தகரப் பெட்டியும்

போன மாதம் எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டன் டவுனில் டேப்லெட்டை ரிப்பேர் பண்ணி எடுத்தேன். அதே வாரம் பண்டாரவளையிலிருந்து கூட்டாளி ஒருவன் கேட்டான்: "மச்சான், மகள் காமிக்ஸ் காமிக்ஸ் என்று உயிரை வாங்குகிறாள். டேப்லெட் வாங்கிக் கொடுக்கவா, புத்தகமாகவே வாங்கவா? நீ இரண்டிலும் படிக்கிறவன், சொல்லு." போனில் அரை மணி நேரம் பேசியும் சொல்ல வந்தது முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டேப்லெட் 10 அங்குலம், நடுத்தர ரகம், 2022 தொடக்கத்தில் வாங்கியது. மற்ற விபரமெல்லாம் கடைக்காரரே சொல்லுவார். காமிக்ஸ் படிக்க எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். வாங்கிய கொஞ்ச நாளிலேயே கரண்ட் வெட்டு தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கூட வெட்டினார்கள். வெளியே மழை, உள்ளே இருட்டு. அந்த ராத்திரிகளில் கம்பளிக்குள் இருந்துகொண்டு பெல்ஜியக் கதை ஒன்றைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பனி மலையில் குதிரை நடக்கும் படம். தாளில் அந்த வெள்ளை ஒருநாளும் அப்படித் தெரியாது, பின்னாலிருந்து வெளிச்சம் வருவதால் பனியே ஒளிர்கிற மாதிரி இருக்கும்.

குறையும் உண்டு. பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பம், அதாவது அவர்களுடைய காமிக்ஸ் புத்தகம், ஏறக்குறைய ஏ4 அளவு. 10 அங்குலத் திரையில் முழுப் பக்கத்தையும் வைத்தால் அகலம் 14 சென்ரிமீற்றர் கூட வராது, பேச்சுக் குமிழ்களில் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் எழுத்து தெரியும், பக்கத்தின் அழகு போய்விடும். இது பழகிவிட்டது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அம்மாவால் வந்தது. அவர் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். இரண்டு கண்ணிலும் புரை, அப்பாவின் பழைய காமிக்ஸில் எழுத்தே தெரிவதில்லை என்பார். பத்துப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக நானே ஸ்கேன் பண்ணி சி.பி.இஸட் கோப்பாகக் கட்டினேன். பெயர்தான் பெரிது, படங்களை வரிசையாக அடுக்கிக் கட்டிய ஸிப் கோப்புதான் அது. காமிக்ஸ் படிக்கும் பெரும்பாலான ஆப்பில் திறக்கும், யாரிடமும் அனுமதி கேட்காது. அம்மா இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்துவிட்டு, "இந்த மாயாவி கை இவ்வளவு பளபளப்பா இருந்ததா?" என்றார். இரும்புக்கை மாயாவியோடு 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய காலத்து வாசகி அவர். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுப்படியில் இருந்து அப்பா வாசிக்கக் கேட்டவர்.

அப்பாவின் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் இந்தியச் சஞ்சிகைகள் இங்கே வருவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன பெரியப்பா, ஊருக்கு வந்துபோகிறவர்கள் கையில் ஒன்றிரண்டாகக் கொடுத்தனுப்பியவைதான் முதல் புத்தகங்கள். அப்பா அவற்றைத் தகரப் பெட்டியில் வைத்தார். ஜூன் மழையில் தாள் நமத்துப் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கினால், ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வேலைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொழுந்து காயவைக்கும் டிரையர் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துக் காயவைப்பார். அதனால் எங்கள் வீட்டுக் காமிக்ஸில் இன்றைக்கும் தேயிலை வாசம் அடிக்கும். மூக்கருகே வைத்தால் புது ரயர் போட்ட லொறி மாதிரியும் கொஞ்சம், காய்ந்த கொழுந்து மாதிரியும் கொஞ்சம்.

முன் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். இரவல் கொண்டுபோனவர் பெயர், லய நம்பர், தேதி. திரும்பி வந்ததும் அப்பா அதன் மேல் ஒரு கோடு இழுப்பார். ஒரு புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன், 31 பெயர்கள். அதில் 4 பெயர்களுக்குக் கோடு இரண்டு முறை. அவர்கள் திரும்பவும் கேட்டு வாங்கிப் படித்தவர்கள். தையல் விட்டுப்போய்க் கோணி ஊசியால் சாக்கு நூல் போட்டுத் தைத்திருக்கிறார்.

சரி, இப்போது ரிப்பேர் கதை. சார்ஜ் போடும் வாயில் ஈரம் ஏறிப் பச்சை பிடித்து, உள்ளே போர்டு வரைக்கும் போயிருந்தது. எங்கள் பனி தாளை மட்டுமல்ல, இதையும் விடவில்லை. கடைத் தம்பி நன்றாகத்தான் செய்தார், 9,500 ரூபாய். ஆனால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. கவலைப்படவில்லை. இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கிய 46 ஆல்பங்களும் அங்கே என் கணக்கில்தானே இருக்கின்றன என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் 35தான் இறங்கின. மிச்சம் 11 அட்டைப் படங்களும் சாம்பல் நிறத்தில் நின்றன. தொட்டால், உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்று ஒரு வரி.

அந்த இணையக் கடைக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. பதிப்பாளரின் உரிமம் முடிந்துவிட்டதாம், நான் வாங்கியது புத்தகத்தை அல்லவாம், படிக்கும் அனுமதியையாம். நிபந்தனைகளில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், உண்மையாகவே இருக்கிறது. ஆனால் நான் காசு கொடுத்த பக்கத்தில் 'பை நவ்', இப்போதே வாங்கு, என்றுதான் பெரிதாக எழுதியிருந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360க்கு ஏறிய நேரத்தில் வாங்கியவை அவை. 6 டொலர் ஆல்பம் 1,200 ரூபாயிலிருந்து 2,160 ஆனபோதும் வாங்கினேன், என்னுடையது என்று நினைத்ததால்.

கூட்டாளி கேட்டான், "உன் நேரம் சரியில்லை, எல்லாருக்குமா இப்படி நடக்கிறது?" நடந்திருக்கிறது. ஜப்பானியப் பதிப்பாளர்கள் சேர்ந்து நடத்திய ஜேமங்கா என்ற இணையக் காமிக்ஸ் தளம் 2013இல் மூடியபோது, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கியவற்றையும் அதன் பிறகு திறக்க முடியவில்லை. மைக்ரோசாப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடிப் புத்தகங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பது உண்மை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் போடுகிற அளவுக்குப் பேர் ஏமாந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

காணாமல் போனதை விட எனக்கு வலித்தது வேறொன்று. பக்கத்து வீட்டுப் பையன், எட்டாம் வகுப்பு, "அண்ணே, அந்தக் குதிரைக்காரன் கதையைக் குடுங்க, ஞாயிற்றுக்கிழமை தாறேன்" என்று கேட்டான். டேப்லெட்டையே தூக்கிக் கொடுத்தால்தான் உண்டு. கதையை மட்டும் கழற்றிக் கொடுக்க வழியே இல்லை, பூட்டுப் போட்ட கோப்பு. நாலு வருடத்தில் நான் வாங்கிய 46இல் ஒன்றைக் கூட ஒருவருக்கும் இரவல் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்பாவிடம் இருந்தது மொத்தமே அறுபது புத்தகம்.

அச்சுப் புத்தகத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். சிவகாசியில் அச்சாகிக் கொழும்பு வழியாக இங்கே வந்து சேரும்போது விலை கையைக் கடிக்கிறது. இப்போது வரும் வழவழப்பான தாள் எங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பிரித்தால் நிறம் உரிந்து வருகிறது, பழைய நியூஸ்பிரிண்ட் இதற்கு எவ்வளவோ மேல். பூச்சி வேறு. வீட்டில் வைக்க இடமும் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் சுகம் டேப்லெட்தான், இதை எழுதும்போதும் அதில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் மச்சான், மகளுக்குப் புத்தகமாகவே வாங்கு. மாதத்துக்கு ஒன்று போதும். கோபத்தில் சொல்கிறேன் என்பாய். கோபம்தான். அந்த 11க்கும் கொடுத்த காசில் அவளுக்கு ஒரு தட்டு நிறைய வாங்கியிருக்கலாம். டேப்லெட்டும் வேண்டும் என்றால் மெமரி கார்ட் போடும் இடம் இருக்கிறதா என்று பார், பூட்டில்லாத கோப்பு விற்கிற இடத்தில் மட்டும் காசு போடு. புத்தகத்தை அரிசிச் சாக்கில் கட்டி வைக்காதே, மூடி இறுக்கமான பெட்டியில் வை, வெயில் அடிக்கிற நாளில் திறந்து காட்டு.

சனிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் தம்பியிடம் அப்பாவின் பெட்டியிலிருந்து இரண்டு கொடுத்து விடுகிறேன். உள் அட்டையில் கடைசிப் பெயருக்குக் கீழே மகளின் பெயரையும் தேதியையும் எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் கடைசித் தாள் இல்லை. அந்த இடம் வந்ததும் அவளை எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லு, முடிவை நான் சொல்கிறேன்.