பழைய ஏசி, ஃப்ரிட்ஜ் கேஸை எடுக்க எது சரி: பம்ப் டவுனா, ஐஸ் வாளியா, ரெக்கவரி மெஷினா?

பங்குனி பிறந்தாலே ஈரோடு, திருப்பூர் பக்கம் ஏசி மெக்கானிக்குகளான எங்களுக்கு வேலை குவிந்துவிடும். புது ஏசி மாட்டுகிறார்கள், பழையது பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கடைக்காரருக்கு வேண்டியது காப்பர் மட்டும்தான். பைப்பில் கட்டரை வைத்து ஒரு வெட்டு, உஸ்ஸென்று இரண்டு நிமிடம் சத்தம், உள்ளே இருக்கும் கேஸ் எல்லாம் காற்றோடு போய்விடும்.

அந்த இரண்டு நிமிடத்தில் போவது எவ்வளவு என்று பாருங்கள். ஒன்றரை டன் ஸ்ப்ளிட்டில் சுமார் ஒரு கிலோ ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸ் இருக்கும். அந்த ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கில், 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடு செய்யும் வேலையைச் செய்கிறது, ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. இன்னொரு ஏசி கேஸான ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் சூடேற்றுவதில் அதன் ஒரு கிலோ 2,088 கிலோவுக்குச் சமம். இன்னும் சில வீட்டு மூலையில் நிற்கிற பழங்காலத்து ஆர்-12 ஃப்ரிட்ஜ் என்றால் பத்தாயிரத்துக்கும் மேல். அதனால் திறந்துவிடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

மெக்கானிக்குகளில் பெரும்பாலானோர் சொல்வது பம்ப் டவுன். செலவே இல்லை. திரவம் போகிற பைப்பின் லிக்விட் வால்வை அலன் கீயால் மூடி, கூலிங்கில் ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜ் பூஜ்யத்தை நெருங்கும்போது கேஸ் திரும்பி வருகிற சக்‌ஷன் வால்வையும் மூடி, உடனே ஆஃப் செய்தால் கேஸ் முழுக்க அவுட்டோர் யூனிட்டுக்குள் அடங்கிவிடும். வீடு மாற்றுகிறவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் தூக்கிப் போடுகிற ஏசிக்கு? அதே அவுட்டோர் யூனிட் நேராக இரும்புக் கடைக்குத்தானே போகிறது, இங்கே வெட்டாமல் அங்கே வெட்டுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் கம்ப்ரஸர் ஓடினால்தான் பம்ப் டவுன் நடக்கும், பாதிப் பழைய ஏசிகளில் அதுதான் செத்திருக்கும். இன்னொன்று, அவசரத்தில் பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸரை ஓடவிட்டால் காற்று உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து அழுத்தப்பட்டு வெடிக்கும். டீசல் எஞ்சினில் நடக்கிற அதே சங்கதி. ஆள் பலியான விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன.

ஃப்ரிட்ஜுக்கு எனக்குப் பிடித்தது ஐஸ் வாளி. 100 கிராம் சொச்சம் கேஸுக்குப் பெரிய மெஷின் தேவையில்லை. கேஸைப் பிடித்து வைக்கும் ரெக்கவரி சிலிண்டரில் காற்றை உறிஞ்சி வேக்குவமாக்கி, ஐஸ் வாளியில் நிறுத்தி, ஃபில்டர் பக்கத்து பைப்பில் அதைத் துளைத்து மாட்டும் பியர்ஸிங் வால்வு போட்டு, கம்ப்ரஸர் நல்லதாக இருந்தால் ஓடவிட வேண்டும், கேஸ் குளிரைத் தேடித் தானாக வந்துவிடும். வெறும் ஐஸ் என்றால் ஃப்ரிட்ஜ் கேஸான ஆர்-134ஏ-வின் அழுத்தம் 28 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்காது. கல்லுப்பு சேர்த்து மைனஸ் 15 வரை கொண்டுபோனால் 10-க்குள் வரும். கம்ப்ரஸர் செத்திருந்தால் நன்றாகவே மிச்சம் தங்கும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அது எரிகிற கேஸ், ஆனால் சூடேற்றும் திறன் மிகக் குறைவு, அளவும் ஐம்பது கிராம் போலத்தான். வீட்டுக்கு வெளியே, தீப்பொறி இல்லாத இடத்தில், ஹோஸ் வழியாக மெதுவாக விட்டுவிடுவதே பாதுகாப்பு.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வைத்துக் கையால் கட்டிய ரெக்கவரி மெஷினைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். நானும் ஒரு வருடம் அதை வைத்திருந்தேன். வேண்டாம். திரவம் உள்ளே போனால் வால்வு உடையும், அழுத்தம் ஏறினால் நிறுத்த கட்-ஆஃப் கிடையாது, கம்ப்ரஸர் எண்ணெயும் கேஸோடு சிலிண்டருக்குப் போகும். பலர் அதோடு, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டிய சிலிண்டரையே மறுபடி நிரப்புகிறார்கள், அது அதற்காகச் செய்ததே இல்லை.

கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் முறையான ரெக்கவரி மெஷின் சின்னக் கடைக்குப் பெரிய காசுதான், மறுக்கவில்லை. ஆனால் கம்ப்ரஸர் செத்த ஏசியிலும் வேலை செய்யும், திரவத்தையும் ஆவியையும் இழுத்து வேக்குவம் வரை கொண்டுபோகும், அழுத்தம் மிஞ்சினால் தானாக நிற்கும். ஏசிகளில் வருகிற ஆர்-32 கேஸ் லேசாகத் தீப்பிடிக்கும் என்பதால் அதற்கும் பொருந்தும் மெஷினா என்று கேட்டு வாங்குங்கள். நாங்கள் நாலு ஏசி மெக்கானிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினோம். சனிக்கிழமை சனிக்கிழமை யார் கையில் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறோம், இதுவரை சண்டை வரவில்லை.

மெஷின் வாங்கிய காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பவானி பக்கம் ஒரு பால் கூலரில் கேஸ் முழுக்கப் போய்விட்டது என்று நினைத்து, பைப்பைப் பற்றவைக்கிற பிராஸிங் டார்ச்சை வைத்தேன், தீயின் நாக்கு பச்சையாக மாறியது. ஆர்-22 தீயில் சிதைந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கொஞ்சம் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவும் வரும். அன்று இரவு முழுக்கத் தொண்டையும் நெஞ்சும் எரிந்தன. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை என்று கேஜ் காட்டாமல் அதற்கப்புறம் நான் டார்ச்சைத் தொடுவதில்லை.

எந்த வழியில் எடுத்தாலும் சிலிண்டரைத் தராசில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், கொள்ளளவில் 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். ஈரோட்டில் சித்திரையில் 40 டிகிரி தாண்டுகிறது, மூடிய வேனுக்குள் இன்னும் அதிகம், விளிம்பு வரை திரவம் நிறைந்த சிலிண்டர் விரிய இடமில்லாமல் பிளந்துவிடும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வையுங்கள், சிலிண்டர் குளிர்ந்தால் கேஸும் வேகமாக வரும். ஆர்-22-வுக்கு ஒரு சிலிண்டர், ஆர்-410ஏ-வுக்கு வேறு. இரண்டும் ஒன்றில் கலந்தால் சுத்தப்படுத்தி மறுபடி பயன்படுத்த முடியாது. காயில் எரிந்த கம்ப்ரஸரிலிருந்து வருகிற கேஸில் அமிலம் இருக்கும், அதற்குத் தனி சிலிண்டர். கழுத்தில் ஒரு அட்டை கட்டி கேஸ் பெயர், தேதி, எடை மூன்றையும் எழுதிவிடுங்கள்.