சீமேக்: தேடும், எடுக்கும், எங்கே எடுத்தேன் என்று மட்டும் சொல்லாது

“புதுசா ஒரு சி++ புராஜெக்ட் ஆரம்பிக்கிறேன்டா. சீமேக்கே போதுமா, இல்ல மேசனுக்குப் போயிடலாமா?” என்று நண்பன் கேட்டான். இரண்டுமே, நாம் எழுதிய நிரலையும் அது நம்பியிருக்கும் லைப்ரரிகளையும் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளையும்) சேர்த்து ஓடும் புரோகிராமாகக் கட்ட வழி செய்யும் கருவிகள். கேட்ட நேரம் சரியில்லை. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவனின் லேப்டாப்பில் பாதி நாளைத் தொலைத்துவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தேன். போனில் திட்டித் தீர்த்துவிட்டேன். அது அவனுக்கும் உதவாது, சீமேக்குக்கும் நியாயம் இல்லை என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். நிதானம் கடைசிவரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

சீமேக்கை எப்படி நிறுவுவது, எப்படி ஓட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிஞ்சா என்ற கட்டும் கருவியோடு ஓட்டினால் வேகம், விஷுவல் ஸ்டுடியோவுக்கும் எக்ஸ்கோடுக்கும் ஒரே கோப்பிலிருந்து புராஜெக்ட் உருவாக்கிக் கொடுக்கும், எந்த எடிட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். இதில் எதிலும் எனக்குப் புகார் இல்லை. வருடக்கணக்கில் பழகியும் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது ஒன்றுதான்: ஒரு லைப்ரரியை எங்கிருந்து எடுத்தது என்பதைத் தானாக வாய் திறந்து சொல்லாது.

தம்பியின் கதையையே சொல்கிறேன். உபுண்டு 24.04. எங்கள் புராஜெக்ட்டுக்கு ஸ்பீட்லாக் என்ற, லாக் எழுதும் லைப்ரரி வேண்டும். உபுண்டுவின் தொகுப்பு மேலாளரான ஏபிடி மூலம் போட்டுவிட்டான். ஸ்பீட்லாக் உள்ளுக்குள் எஃப்எம்டி என்ற, உரையை வடிவமைக்கும் லைப்ரரியை நம்பி இருப்பது. அதுவும் கூடவே வந்துவிட்டது. சீமேக் ஓடியது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. கம்பைலும் ஆனது. கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில்தான் திரை முழுக்க அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ், அதாவது ‘இந்தப் பெயரை எங்கும் காணோம்’ என்ற பிழை.

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் செய்வது, பிழையின் முதல் வரியைக் காப்பி செய்து தேடுவது. ‘லைப்ரரியை லிங்க் செய்யவில்லை, அதைச் சேர்’ என்று ஊரே பதில் சொல்லும். ஆனால் லிங்க் வரியில் ஸ்பீட்லாக் இருக்கிறது, கண் முன்னால் இருக்கிறது. அப்புறம் ஏன்? பிழையில் வந்த அந்த நீளமான பெயரைப் பொறுமையாகப் படித்தால் விடை அதற்குள்ளேயே இருக்கும். ஸ்பீட்லாக்கின் ஒரு கன்ஸ்ட்ரக்டர் பெயர், அதன் அடைப்புக்குள் எஃப்எம்டி, அதையடுத்து வி11, அதாவது எஃப்எம்டியின் 11-ஆம் பதிப்பு. உபுண்டு 24.04 தரும் எஃப்எம்டி 9.1. உபுண்டுவின் ஸ்பீட்லாக் அந்த எஃப்எம்டியோடு கட்டப்பட்டது, எனவே அதற்குள் எஃப்எம்டி வரும் எல்லாப் பெயரிலும் வி9 என்றுதான் இருக்கும். லைப்ரரிக்குள் இருக்கும் பெயர்களைக் காட்டும் என்எம் கட்டளையை ஓட்டிப் பார்த்தோம், வி9 வரிசையாக நின்றது. ஆக, எஃப்எம்டியின் ஹெடர் (கம்பைலர் படிக்கும் அறிவிப்புக் கோப்பு) ஒரு இடத்திலிருந்தும் லைப்ரரி இன்னொரு இடத்திலிருந்தும் வந்திருக்கின்றன.

இங்கே எஃப்எம்டியை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு. பதிப்பு எண்ணை இன்லைன் நேம்ஸ்பேஸாக, அதாவது ஒவ்வொரு பெயரின் பகுதியாகவே, உள்ளே வைத்திருப்பதால்தான் இது லிங்க் கட்டத்திலேயே உடைந்தது. இல்லாவிட்டால் சமர்த்தாக லிங்க் ஆகி, ஓடும்போது நினைவகத்தைக் குதறிவிட்டு, சம்பந்தமே இல்லாத இடத்தில் செத்திருக்கும்.

சரி, வி11 எங்கிருந்து வந்தது? தம்பி பைத்தான் வேலைக்காகக் கோண்டா என்ற தொகுப்பு மேலாளரை வைத்திருந்தான். டெர்மினலைத் திறந்தாலே அதன் பேஸ் சூழல் ஆன் ஆகிவிடும். ஏதோ ஒரு தொகுப்போடு எஃப்எம்டி 11 அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஸ்பீட்லாக் மட்டும் அங்கே இல்லை. கோண்டா மேல் தப்பு ஏதும் இல்லை. அதன் வேலை, கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத் மாறியின் முன்னால் தன் ‘பின்’ என்ற கட்டளை அடைவைச் சேர்ப்பது, அதைத்தான் செய்தது. விஷயம் சீமேக்கின் தேடும் முறையில் இருக்கிறது. சீமேக்கின் ஃபைண்ட் பேக்கேஜ் கட்டளை கான்ஃபிக் முறையில் (லைப்ரரியோடு வரும் கான்ஃபிக் கோப்பை வைத்து) தேடும்போது பாத் மாறியில் உள்ள ஒவ்வொரு ‘பின்’ அடைவையும் பார்த்து, ‘இதற்கு மேல் அடைவில் லைப்ரரியும் இருக்கலாமே’ என்று அங்கேயும் போய்ப் பார்க்கும். அதைப் பார்த்த பிறகுதான் யுஎஸ்ஆர், யுஎஸ்ஆர் லோக்கல் என்று சிஸ்டத்தின் வழக்கமான இடங்கள். மண்டப வாசலில் காலுக்கு முதலில் அகப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆள் மாதிரி. ஸ்பீட்லாக் கோண்டாவில் இல்லை, அதனால் அதை யுஎஸ்ஆரில் எடுத்தது. அந்த ஸ்பீட்லாக்கின் கான்ஃபிக் கோப்பு எஃப்எம்டி வேண்டும் என்றது; மறுபடி முதலிலிருந்து தேடல், கோண்டாவில் கிடைத்தது. இடது கால் ஒரு செருப்பு, வலது கால் ஒரு செருப்பு.

இப்படித் தேடுவதைக்கூட நான் குற்றம் சொல்லமாட்டேன். ஹோம்ப்ரூ என்ற தொகுப்பு மேலாளரைப் போட்ட மேக் கணினியில் ஒன்றுமே சொல்லாமல் ஆப்ட் ஹோம்ப்ரூ அடைவில் இருக்கும் லைப்ரரி கிடைக்கிறது என்றால் இந்தப் பழக்கமும் அதற்கு ஒரு காரணம். அங்கே வரம், இங்கே சாபம். எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இவ்வளவும் நடந்தும் திரையில் ஒரு வரி இல்லை. சீமேக்கோடு வரும் ஃபைண்ட் மாட்யூல்கள் என்ற தேடல் கோப்புகளாவது ‘கிடைத்தது, இந்தப் பாதை’ என்று ஒரு வரி போடும். கான்ஃபிக் முறையில் கிடைத்தால் அதுவும் கிடையாது. கிடைக்காவிட்டால் ஒரு பக்கத்துக்குப் புலம்பல். இந்தப் பெயரில் தேடினேன், அந்தப் பெயரில் தேடினேன், தேட வேண்டிய இடங்களைச் சொல்லும் ப்ரிஃபிக்ஸ் பாத்தில் சேர், இடத்தை நேரே காட்டும் டிஐஆர் மாறியை அமை என்று. தப்பாகக் கிடைத்தால் வாய்ப்பூட்டு.

இதற்குமேல் கேஷ். தம்பி கோண்டாவை டீஆக்டிவேட் செய்துவிட்டு மறுபடி சீமேக்கை ஓட்டினான். அதே பிழை. ப்ரிஃபிக்ஸ் பாத்தில் யுஎஸ்ஆரைக் கொடுத்து ஓட்டினான். அதே பிழை. அவன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ஏனென்றால் அவன் செய்தது இரண்டுமே சரி. முதல் தடவை கண்டுபிடித்த இடத்தை சீமேக் பில்ட் அடைவுக்குள் இருக்கும் கேஷ் கோப்பில், எஃப்எம்டி டிஐஆர் என்ற பெயரில் எழுதி வைத்துவிடும். அந்த இடத்தில் கோப்பு இருக்கும்வரை மறுபடி தேடவே தேடாது. இதில் வேடிக்கை என்னவென்றால், கிடைக்கவில்லை என்றால் ‘நாட்ஃபவுண்ட்’ என்று எழுதி வைத்தாலும் அடுத்த தடவை திரும்பத் தேடும். அதாவது இல்லாததைத் திரும்பத் திரும்பத் தேடுவதற்கு அதற்குப் பொறுமை உண்டு, தப்பாக எடுத்ததைச் சரிபார்க்க மட்டும் மனசு வராது. கம்பைலரும் இப்படித்தான். எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி, சிஎக்ஸ்எக்ஸ் சூழல் மாறிகளை முதல் ஓட்டத்தில் பார்ப்பதோடு சரி. பிறகு நீங்கள் எதை மாற்றினாலும் அதன் காதில் விழாது.

மருந்து எளிது: பில்ட் அடைவை அழி, மறுபடி ஓட்டு. சீமேக் 3.24 பதிப்பிலிருந்து ‘ஃப்ரெஷ்’ என்ற கொடியை (ஃப்ளாக்) கட்டளையோடு கொடுத்தாலே கேஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கும். 2022-இல்தான் வந்தது. அதுவரைக்கும் உலகம் முழுக்க அடைவை அழித்து அழித்துத்தான் பிழைத்தோம்.

திட்டியது போதும், இப்போது மெச்ச வேண்டியதைச் சொல்கிறேன். 3.17-இல் ‘டீபக் ஃபைண்ட்’ என்று ஒரு கொடி வந்தது. புதிய பில்ட் அடைவில் அதோடு ஓட்டிப் பாருங்கள். எந்தப் பெயரில் தேடியது, எந்தெந்தப் பாதையில், எந்த வரிசையில், கடைசியில் எந்தக் கோப்பை எடுத்தது என்று ஒவ்வொரு அடியையும் கொட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வெளியீடு மலை மாதிரி இருக்கும்தான், அதற்கும் 3.23-இல் ஒரு குறிப்பிட்ட பேக்கேஜுக்கு மட்டும் கேட்கும் வசதி வைத்துவிட்டார்கள். எஃப்எம்டிக்கு மட்டும் என்று கேட்டோம், கோண்டா பாதை மேலேயே நின்றது. தம்பியின் பாதி நாளில் இதற்குப் பிடித்தது ஒரு நிமிஷம். பிகேஜி-கான்ஃபிக், ஆட்டோடூல்ஸ் என்று இந்த வேலைக்கான மற்ற கருவிகளோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன். ‘நான் எப்படி யோசித்தேன் தெரியுமா’ என்று இவ்வளவு விரிவாகச் சொல்லும் இன்னொன்றை நான் பயன்படுத்தியதில்லை. பாத் வழியாகத் தேடுவதையே நிறுத்த ஒரு மாறி 3.16 முதலே இருக்கிறது. அதை, அமைப்புகளைச் சேமிக்கும் ப்ரீசெட் கோப்பில் போட்டு வைத்துவிட்டோம், இனி யார் கோண்டா வைத்திருந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை.

இன்னொரு பழைய பஞ்சாயத்து ஆர்பாத், அதாவது ஓடும்போது லைப்ரரியை எங்கே தேட வேண்டும் என்று புரோகிராமுக்குள் எழுதி வைக்கும் பாதை. பில்ட் அடைவில் புரோகிராம் ஜோராக ஓடும். இன்ஸ்டால் செய்தால் ‘ஷேர்ட் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை’ என்று படுத்துக்கொள்ளும். பில்ட் சமயத்தில் லைப்ரரியின் பாதையை பைனரிக்குள் எழுதி வைக்கும் சீமேக், இன்ஸ்டால் செய்யும்போது அதைத் துடைத்துவிடுகிறது. காரணம் நியாயமானது, உங்கள் ஹோம் அடைவின் பாதை அடுத்தவர் கணினியில் எதற்கு? இன்ஸ்டால் ஆர்பாத்தை நீங்களே அமைத்தால் தீர்ந்தது. ஆனால் இது தெரியாமல் எல்லாப் புரோகிராமுக்கும் லைப்ரரி தேடும் இடத்தை மாற்றிவிடும் எல்டி லைப்ரரி பாத்தை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பேஷ்ஆர்சி கோப்பில் எழுதி, அதனால் வேறு நாலு புரோகிராம் தப்பான லைப்ரரியை எடுத்து, ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.30 காணோம் என்று அலறுவதை நிறையப் பார்த்துவிட்டேன். அந்த எண் ஜிசிசி 12-ஓடு வந்த சி++ லைப்ரரியைக் குறிக்கும். அதைவிடப் பழையது ஒன்று பாதையில் முந்திக்கொண்டது என்று அர்த்தம். பேஷ்ஆர்சியில் அந்த வரி இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

2025 மார்ச்சில் வந்த சீமேக் 4.0 பற்றியும் கேட்கிறார்கள். 3.5-க்கு முந்தைய பதிப்புகளுக்கான ஒத்திசைவை அதில் எடுத்துவிட்டார்கள், பழைய புராஜெக்ட்டுகள் பல கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றன. எனக்கு இதில் கோபமே வரவில்லை. என்ன பிரச்சினை, எந்த மாறியை 3.5 என்று அமைத்தால் தற்காலிகமாகத் தாண்டலாம் என்று பிழைச் செய்தியிலேயே எழுதியிருக்கிறார்கள். சீமேக் வாய் திறந்து பேசும்போது நன்றாகவே பேசுகிறது. அதனால்தான் மற்ற இடத்து மௌனம் இன்னும் எரிச்சலைக் கிளப்புகிறது.

வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். 2000 வாக்கில், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில் உருவான ஐடிகே என்ற மருத்துவப் படத் தொகுப்பை யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒரே மாதிரி கட்டுவதற்காகக் கிட்வேர் நிறுவனத்தில் எழுதப்பட்டது இது. ஒரே டெர்மினலில் ஏபிடி, கோண்டா, ஹோம்ப்ரூ, விசிபிகேஜி என்று நாலு கடை திறந்திருக்கும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்? கேடிஇ டெஸ்க்டாப், எல்எல்விஎம் கம்பைலர், திரை இடைமுகங்கள் எழுதும் க்யூடி 6 என்று பெரிய தலைகள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. பெரும்பாலும் எந்த லைப்ரரியை எடுத்தாலும் சீமேக் கான்ஃபிக் கோப்பு கூட வருகிறது. அந்த வசதிக்கு ஈடு கிடையாது.

இப்போது நண்பனின் கேள்வி. மேசன் ஒரு லைப்ரரியைத் தேடினால் பெயர், கிடைத்ததா, எந்தப் பதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போடும். எஃப்எம்டிக்கு நேரே 9 வர வேண்டிய இடத்தில் 11 என்று வந்திருந்தால் தம்பி அங்கேயே நின்றிருப்பான். அதுவும் முதல் தடவை கண்டதை நினைவில் வைத்துக்கொள்ளும், அதையும் சில சமயம் துடைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பிகேஜி-கான்ஃபிக் கோப்பு இல்லாத லைப்ரரி என்றால் சுற்றி வளைத்து சீமேக்கிடமே போய்க் கேட்கும். விண்டோஸில் கூடுதல் வேலை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் சீமேக்தான் முந்துகிறது, நானே மேலே எழுதியதைப் படித்தாலும் அப்படித்தான் வருகிறது.

ஆனாலும் மேசனுக்குப் போடா என்றுதான் சொன்னேன். உன்னுடையது லினக்ஸில் மட்டும் ஓடும் சின்ன சர்வீஸ், நாலே நாலு லைப்ரரி. எதை எடுத்தேன் என்று கேட்காமலே சொல்லும் ஒன்றோடு தொடங்கு. “அப்ப நீ எப்ப மாறப்போற?” என்றான். எங்களுடையது க்யூடி 6, நான் எங்கே போவது? டீபக் ஃபைண்டுக்கு ஷெல்லில் ஒரு சுருக்குப் பெயர் வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.