சேலத்து முகாமா, பள்ளிக்கே வரும் பயிற்றுநரா?

ஏற்காட்டு மலைப்பள்ளியில் பார்வையற்ற மாணவர் ஒருவர் படித்தால், கணினித் திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானை வைத்துப் பாடம் நடத்த அவருடைய ஆசிரியர் மூன்று வழிகளில் கற்கலாம்: சேலத்தில் நடக்கும் பயிற்சி முகாம், தீக்‌ஷா போன்ற கல்வித் தளங்களிலுள்ள இணையவழிப் பாடம், சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கே வந்து உடனிருந்து பழக்குவது.

முகாமின் வலிமை அதன் அளவு. ஒரே நாளில் பலர் கற்கலாம், தம்மைப் போன்ற பிற ஆசிரியர்களையும் சந்திக்கலாம். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கிவிட்டால், எல்லா வகுப்புகளும் மற்றவர் தலையில் விழும். இணையவழிப் பாடத்தை வேண்டியபோது திரும்பப் பார்க்கலாம் என்றாலும், அலைபேசிச் சமிக்ஞை எட்டாத மலைச் சிற்றூர்களில் அது முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பவருக்கு மட்டுமே பயன்படும்.

மூன்றாவது வழியையே நான் உறுதியாக முன்வைக்கிறேன். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைப் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். இணையம் இல்லாமலேயே அது தமிழை வாசிக்கும். சிக்கல் எழுவது ஆசிரியரின் சொந்தக் கோப்பைத் திறக்கும்போதுதான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வினாத்தாள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே என்பதால், மாணவர் காதில் பொருளற்ற ஒலிகளே விழுகின்றன. ஸ்கேன் செய்த பக்கமோ வெறும் படம் என்பதால் எதுவும் கேட்பதில்லை. முகாமில் காட்டப்படும் மாதிரிக் கோப்பு பெரும்பாலும், தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியீடுகள் உள்ள யூனிகோட் முறையான ஒருங்குறியில் இருப்பதால், இந்தத் தடை அங்கே தலைகாட்டுவதே இல்லை. பள்ளிக் கணினியின் முன் ஆசிரியரோடு அமர்பவரோ, அந்த வினாத்தாளையே ஒருங்குறிக்கு மாற்றி, மாணவரைக் கேட்கச் செய்து, எது புரியவில்லை என்று அவரிடமே விசாரிக்க முடியும்.

இவ்வழியின் குறையும் பெரியதே: பல பள்ளிகளைக் கவனிக்கும் ஒருவரால் ஒரே பள்ளிக்கு அடிக்கடி மலையேற இயலாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை உதவிக் கருவிகளை இலவசமாக வழங்கச் சொல்கிறது. ஆயினும் பழக்க ஆளில்லையென்றால் அக்கருவி தலைமையாசிரியர் அறைப் பீரோவுக்குள்ளேயே இருந்துவிடும், அந்தக் கல்வியாண்டு குழந்தைக்குத் திரும்பக் கிடைக்காது. ஆகவே அடிப்படைகளுக்கு மட்டும் அரைநாள் முகாம் வைத்து, மிஞ்சும் நேரத்தைப் பள்ளி வருகைகளுக்கு ஒதுக்குவதே தகும். முகாமைத் தவிர வேறு வழியில்லாத ஆசிரியர்கள், தாம் கடைசியாகத் தயாரித்த வினாத்தாளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, அதைத் திரைவாசிப்பானில் ஓட்டிக் காட்டும்படி அங்கேயே கேட்க வேண்டும்.