ஆக்டேவியாஸ் புக்ஷெல்ஃப்: அல்டடீனா மக்களுக்கு மிஞ்சிய ஒரு கடை

லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பசடீனாவில் புத்தகக் கடை எது என்று யாரைக் கேட்டாலும் முதலில் வ்ரோமன்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். 1894ல் தொடங்கிய கடை, பெரியது, எந்தத் துறையைக் கேட்டாலும் ஒரு வரிசையே இருக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரம் வண்டியை விட்டால், நார்த் ஹில் அவென்யூவில், ஆக்டேவியாஸ் புக்ஷெல்ஃப் என்று சின்னதாக ஒரு கடை இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் வருகிற நண்பர்கள் புத்தகம் வாங்க வேண்டும் என்றால் நான் அங்கேதான் அழைத்துப் போகிறேன். ஏன் என்று சொல்வதற்குக் கடையை மட்டும் பேசினால் போதாது, அதற்கு மேலே மலையடிவாரத்தில் இருக்கிற அல்டடீனா என்ற ஊரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதலில் கடை. 2023 பிப்ரவரியில் நிக்கி ஹை தொடங்கியது. டிரேடர் ஜோஸ் என்ற மளிகைக் கடை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுப் புத்தகக் கடை வைத்தார். பெயர் ஆக்டேவியா பட்லருடையது. 1947ல் இதே பசடீனாவில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர். அவர் சிறுமியாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, வீட்டுவேலை செய்த அம்மாதான் வளர்த்தார். 1995ல், அபாரத் திறமை உள்ளவர்களுக்குத் தரப்படும் மக்ஆர்தர் நிதிநல்கை கிடைத்தது, அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். 2006ல் இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது அல்டடீனாவின் மவுண்டன் வியூ கல்லறைத் தோட்டத்தில். ஆக, கடையின் பெயர்ப்பலகையில் இருப்பவர் இந்த மண்ணின் மகள்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் கறுப்பின, பூர்வகுடி, லத்தீன், ஆசிய எழுத்தாளர்களின் புத்தகங்கள். பெரிய கடைகளில் கறுப்பின எழுத்தாளர்களுக்கு, கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு மேசை போடுவார்கள், மாதம் முடிந்ததும் அந்த மேசையில் வேறு ஏதாவது வந்துவிடும். இங்கே வருடம் முழுவதும் கடையே அவர்களுடையது. நாவல், கவிதை, சமையல், வரலாறு, குழந்தைகள் புத்தகம் என்று எதை எடுத்தாலும் அதற்குள் அவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் பகுதியை நான் தனியாகச் சொல்வேன். ஒரு கறுப்பினச் சிறுமி தலை பின்னிக்கொள்வதும் பாட்டி வீட்டுக்குப் போவதும் சாதாரணமாக நடக்கிற கதைகளை ஒரே இடத்தில் இத்தனை பார்ப்பது அரிது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அங்கிருந்து வாங்கிக் கொடுத்தவை எல்லாம் ஓரம் கிழியும் வரை படிக்கப்பட்டன.

கண்ணில் படுகிற எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிற கடை அல்ல, தேர்ந்தெடுத்து வைக்கிற கடை. குறிப்பிட்ட ஒரு தலைப்பைக் கையில் எழுதிக்கொண்டு போவதைவிட, ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.

சரி, இப்போது ஊருக்கு வருகிறேன்.

2025 ஜனவரி 7ஆம் தேதி மாலை ஆறு மணி தாண்டியதும் அல்டடீனாவை ஒட்டிய ஈட்டன் பள்ளத்தாக்கில் தீப்பிடித்தது. சாண்டா அனா எனப்படும் வறண்ட பாலைவனக் காற்று அன்று புயல் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, ஹெலிகாப்டர்கள் பறக்க முடியவில்லை. காலையிலிருந்தே கடற்கரைப் பக்கம் பாலிசேட்ஸ் பகுதி எரிந்துகொண்டிருந்ததால் தீயணைப்பு வண்டிகள் பல அங்கே. தீ அணைந்து முடிந்தபோது 14,000 ஏக்கர் எரிந்திருந்தது, 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. மின் நிறுவனத்தின் உயரழுத்தக் கம்பிகள்தான் காரணம் என்று வழக்குகள் நடக்கின்றன, அமெரிக்க மத்திய அரசே 2025 செப்டம்பரில் சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்ற அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் ஒன்று உண்டு. அல்டடீனாவை வடக்கு தெற்காக வெட்டிக்கொண்டு போகிறது லேக் அவென்யூ. அதற்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு வெளியேறும் உத்தரவு மாலையிலேயே போய்விட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு விடியற்காலை மூன்றரை மணி வாக்கில்தான் போனது, அதற்குள் அங்கே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மேற்குப் பக்கத்தவர்கள், பெரும்பாலும் வயதானவர்கள். அந்த மேற்குப் பக்கம்தான் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பக்கம்.

அவர்கள் ஏன் மேற்கில் இருந்தார்கள் என்பதற்கும் ஒரு கதை உண்டு. கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதி வைத்த காலம் இருந்தது. வங்கிகள் சில பகுதிகளை வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கி, அங்கே கடன் கொடுக்க மறுத்தன. பிறகு பசடீனாவில் 210 நெடுஞ்சாலை போடுவதற்காகவும் நகரச் சீரமைப்பு என்ற பெயரிலும் கறுப்பினக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டபோது, அந்தக் குடும்பங்கள் மேலே ஏறி வந்து லேக் அவென்யூவுக்கு மேற்கே வீடு வாங்கின. 1960ல் ஊரில் நூற்றுக்கு 4 பேர் கறுப்பினத்தவர், 1980ல் 43 பேர். வீட்டு விலை ஏற ஏற அது மறுபடி குறைந்து, தீக்கு முன் 18 ஆகிவிட்டது. ஆனால் அப்படி இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சொந்த வீட்டுக்காரர்கள், அமெரிக்கா முழுவதும் பார்த்தால் கறுப்பினக் குடும்பங்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் சொந்த வீடு. தாத்தா பாட்டி வாங்கிய வீட்டில் பேரன் பேத்தி குடியிருந்த ஊர் அது. யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள்: கறுப்பினக் குடும்பங்களில் 48 சதவீதம் வீட்டை இழந்தோ பெரும் சேதம் அடைந்தோ இருந்தன, மற்றவர்களில் அது 37 சதவீதம்.

வீடுகளோடு சேர்ந்து, ஆட்கள் கூடுகிற இடங்களும் போயின. ஃபேர் ஓக்ஸ் அவென்யூவில் 1972லிருந்து ஒரே குடும்பம் நடத்திய லிட்டில் ரெட் ஹென் காபி ஷாப் எரிந்துவிட்டது. ஆப்பிரிக்கத் துணிகளும் மத்தளங்களும் விற்ற ரிதம்ஸ் ஆஃப் த வில்லேஜ் எரிந்துவிட்டது. மஸ்ஜித் அல்தக்வா, பல தேவாலயங்கள், ஊர் ஹார்டுவேர் கடை எல்லாம் எரிந்தன. ஒரு ஊரில் "எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால் சொல்வதற்கு இருந்த பெயர்கள் ஒரே இரவில் இல்லாமல் போயின.

அப்போது பசடீனா எல்லைக்குள் கீழே இருந்த இந்தப் புத்தகக் கடைக்குத் தீ வரவில்லை. மேலே எதுவும் வேலை செய்யாத நேரத்தில் இங்கே கரண்டும் இணையமும் இருந்தன. நிக்கி ஹை கடையைத் திறந்து வைத்தார். போனில் சார்ஜ் போட, சொந்தக்காரர்களுக்குச் செய்தி சொல்ல வந்தவர்கள் முதலில், அப்புறம் தண்ணீர்ப் பாட்டிலோடும் போர்வையோடும் உதவ வந்தவர்கள். புத்தகங்களை ஒதுக்கிவிட்டு அந்த அலமாரிகளிலேயே குழந்தைகளுக்கான டயபர், பால் பவுடர், பல்துலக்கி, சோப்பு, துணிமணி அடுக்கினார்கள். உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் வந்து வேண்டியதை எடுத்துப் போனார்கள். விற்பனையை நம்பி நடக்கிற ஒரு சின்னக் கடை, புத்தகத்தையே ஓரம் கட்டிவிட்டு இப்படி நின்றது. பெரிய நிவாரண மையங்கள் பசடீனாவில் இல்லாமல் இல்லை. ஆனால் தெரிந்த முகம் இருக்கிற இடத்துக்கு வந்து சோப்பு எடுத்துப் போவதற்கும், அடையாள அட்டையோடு வரிசையில் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு, மானத்தோடு வாழ்ந்த வயதானவர்களுக்கு அது மிகப் பெரிய வித்தியாசம்.

இன்று அலமாரிகளில் மறுபடி புத்தகங்கள் இருக்கின்றன. ஒருமுறை நான் போயிருந்தபோது, ஒரு வயதான அம்மா ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டோடு எரிந்துபோன புத்தகங்களாம், மொத்தமாக வாங்கிப் போட இடம் இல்லை, வாடகை வீடு, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறேன் என்றார். கடையில் இருந்த பெண் அவரோடு நின்று, இல்லாததை வரவழைத்துத் தருவதாகக் குறித்துக்கொண்டார். நான் பணம் கட்டிவிட்டு வந்த பிறகும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஊர் எழுந்துகொண்டிருக்கிறது, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. இடிபாடு அள்ளும் வேலை 2025 கோடையோடு பெரும்பாலும் முடிந்தது. அள்ளிய பிறகு மண்ணில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க மத்திய அரசின் பேரிடர் முகமை மறுத்துவிட்டது, மக்கள் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடன் அடைத்து முடித்த பழைய வீடுகளில் சிலவற்றுக்குக் காப்பீடே இல்லை, இருந்த பலருக்கும் அந்தப் பணம் இன்றைய கட்டுமானச் செலவுக்குப் பற்றாது. தாத்தா பெயரிலேயே பத்திரம் இருந்து, வாரிசுகள் பெயருக்கு மாற்றாமல் விட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை வாங்குவதே பெரும்பாடு. சாம்பல் ஆறும் முன்பே மனை வாங்குகிறவர்கள் போன் செய்யத் தொடங்கிவிட்டார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பதை ஆளுநர் கவின் நியூசம் சில மாதங்களுக்குத் தடை செய்தார், அது முடிந்ததும் மறுபடி ஆரம்பம். விற்கப்பட்ட மனைகளில் பெரும்பங்கு தனியார் நிறுவனங்கள் கைக்குப் போயிருக்கிறது. "அல்டடீனா விற்பனைக்கு அல்ல" என்ற பலகைகளை வேலிகளில் இன்றும் பார்க்கலாம். கிரீன்லைன் ஹவுசிங் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள், விற்றே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களின் மனையைத் தாங்களே வாங்கி ஊர்க்காரர்கள் கையில் சேர்க்கப் பார்க்கின்றன.

இந்த நிலைமையில் ஒரு புத்தகக் கடைக்கு என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். வீடு கட்ட மூன்று நான்கு வருடம் ஆகும், அதுவரை குடும்பங்கள் ஐம்பது அறுபது மைல் தள்ளி, கையில் கிடைத்த வாடகை வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் போய் உட்கார, பழைய பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க, தன் மாதிரி ஆட்களின் முகம் அட்டையில் இருக்கிற ஒரு புத்தகத்தைப் பிள்ளைக்கு வாங்கித் தர ஓர் இடம் இருந்தால்தான் திரும்பி வர மனம் வரும். வருவதற்கு இடமே இல்லை என்றால், மனையை விற்றுவிட்டு இருக்கிற ஊரிலேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும். அதனால்தான் இந்தக் கடை நடப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

விலையைப் பற்றி: அட்டையில் போட்ட விலைதான், ஆன்லைனில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை நான் மனதாரக் கொடுக்கிறேன், நீங்களும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. முதல்முறை போகிறவர்கள் பட்லரின் நாவல்களில் ஒன்றை வாங்குங்கள். 1993ல் வெளிவந்த ஒன்றில், 2024ல் தொடங்கும் கதையில், லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய ஒரு குடியிருப்பு எரிந்து, ஒரு கறுப்பின இளம்பெண் மிஞ்சியவர்களைச் சேர்த்துக்கொண்டு வடக்கே நடக்கிறாள். எதைச் சொல்கிறேன் என்று கடையில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

போகும் முன் திறந்திருக்கும் நேரத்தை அவர்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைவில் இருப்பவர்கள் அதன் வழியாகவே ஆர்டரும் செய்யலாம். பசித்தால் மேலே ஏறி ஃபேர் ஓக்ஸ் பர்கருக்குப் போங்கள். தீயில் தப்பிய கடை, அந்த வாரங்களில் ஊருக்கே இலவசமாகச் சாப்பாடு போட்ட கடை. இப்போது அங்கே காசு கொடுத்துச் சாப்பிட ஆள் வேண்டும்.