மந்திரம் இல்லாத சிண்ட்ரெல்லா: ‘எவர் ஆஃப்டர்’ திரைப்பட விமர்சனம்

சிண்ட்ரெல்லா கதையிலிருந்து தேவதையையும் பூசணிக்காய் வண்டியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது காதல்தான் என்று பலரும் நினைப்பார்கள். 1998இல் ஆண்டி டெனன்ட் இயக்கத்தில் வெளிவந்த ‘எவர் ஆஃப்டர்’ மிஞ்சுவது உழைப்பும் கடனும் என்கிறது. கதை நடப்பது 16ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். தந்தையை இழந்த டேனியெல் (ட்ரூ பாரிமோர்) தன் சொந்தப் பண்ணையிலேயே வேலைக்காரியாகிறாள். விடியற்காலையில் ஆப்பிள் பறிக்கிறாள். முட்டை வெந்த பதம் சரியில்லை என்று கத்தும் மாற்றாந்தாய் மகளுக்குப் பணிவிடை செய்கிறாள். அவளை மீட்க எந்த மந்திரக்கோலும் வருவதில்லை.

இந்தப் படத்தை நான் பார்த்தது கூடலூரில், என் சித்தியுடனும் பத்தாம் வகுப்பு படிக்கும் அவருடைய பேத்தியுடனும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்து, அப்படி வந்தவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்தவர் சித்தி. அரண்மனைக் காட்சிகளில் அவருக்கு நாட்டம் இல்லை. மாற்றாந்தாய் தன் கடனை அடைப்பதற்காக மோரிஸ் என்ற முதிய வேலையாளை விற்றுவிட, அவரைக் கைதிகளோடு கூண்டு வண்டியில் ஏற்றி அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பப் பார்க்கும் இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “கடன் வாங்குனது அந்தம்மா, கப்பலேத்துறது இந்தக் கெழவனையா?” என்று கேட்டார்.

படத்தின் உயிர்நாடி அந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. தன் குதிரையைத் திருட வந்தவன் இளவரசன் என்று தெரியாமல் டேனியெல் அவனை ஆப்பிளால் அடித்து வீழ்த்துகிறாள். வெளியே சொல்லாதிருக்க அவன் தங்கக் காசுகளைக் கொடுக்கிறான். பழைய கதையின் நாயகி அழகிய ஆடை அணிவது நடனத்துக்குப் போவதற்காக. இவளோ அந்தக் காசைக் கொண்டு மோரிஸை மீட்பதற்காகச் சீமாட்டி வேடம் பூணுகிறாள். அங்கே இளவரசனிடம் அவள் வாதிடுவது, தந்தை கடைசியாகப் பரிசளித்த நூலிலிருந்து: தாமஸ் மோர் எழுதி 1516இல் வெளிவந்த ‘உடோபியா’. மக்களை நல்ல கல்வியின்றி வளரவிட்டுத் திருடர்களாக்கிவிட்டுப் பிறகு அவர்களையே தண்டிப்பதா என்ற அந்த வாதம் காதல் வசனமாக நீர்த்துவிடாமல் வாதமாகவே நிற்கிறது.

தேவதையின் இடத்தில் லியோனார்டோ டா வின்சியை வைத்திருக்கிறார்கள். நடன இரவன்று டேனியெல் பூட்டிய அறைக்குள் கிடக்கிறாள். எல்லோரும் பூட்டோடு மல்லுக்கட்ட, கிழவர் கதவின் கீல் ஆணிகளைத் தட்டி எடுத்துக் கதவையே கழற்றிவிடுகிறார். படம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான். நாடோடிக் கொள்ளையர்களின் தலைவன், உன்னால் சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னதும், அவள் இளவரசனையே முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கும் காட்சியும் அதற்கு நிகரானது. “கொழுந்து மூட்டை தூக்குன ஒடம்பா இருந்தா முடியும்” என்று சித்தி தீர்ப்பளித்தார்.

நடிப்பில் எல்லோரையும் விஞ்சி நிற்பவர் மாற்றாந்தாய் ராட்மிலாவாக வரும் அஞ்செலிகா ஹியூஸ்டன். மணமாகி வந்த வேகத்திலேயே கணவன் வீட்டு வாசலில் சரிந்து விழுந்து, கடைசி அன்பையும் மகளுக்கே தந்துவிட்டு இறப்பதை அவர் பார்த்து நிற்கும் முகத்தில், பின்னால் வரப்போகும் கொடுமைக்கான காரணம் தெரிந்துவிடுகிறது. காரணம் தெரிவதால் கொடுமை மன்னிக்கப்படுவதில்லை. வீட்டுச் சாமான்களை இரகசியமாக விற்றுவிட்டு வேலைக்காரர்கள் திருடினார்கள் என்று பழி போடுவது போன்ற அற்பத்தனங்களை ஹியூஸ்டன் குரலை உயர்த்தாமல் செய்கிறார். இளவரசனாக வரும் டக்ரே ஸ்காட் பார்வைக்குப் பொருத்தம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

யதார்த்தம் என்று மார்தட்டும் படம் வரலாற்றில் சறுக்குகிறது. படத்தின் இளவரசனான, பிரான்சுவா மன்னரின் மகன் ஹென்றி பிறந்தது 1519 மார்ச் மாதத்தில். லியோனார்டோ இறந்தது அதே ஆண்டு மே மாதத்தில். இருவரும் ஆற்றங்கரையில் காதலைப் பற்றி உரையாடியிருக்க வேண்டுமானால் ஒருவர் தொட்டிலில் இருந்திருக்க வேண்டும். முதுபெண்மணி ஒருவர், சிண்ட்ரெல்லா கதையைத் தொகுத்து வெளியிட்ட கிரிம் சகோதரர்களை அழைத்து, உண்மையில் நடந்தது இது என்று சொல்லித் தொடங்கும் படத்துக்கு இது சற்று அதிகமான துணிச்சல். பிரெஞ்சுக்காரர்கள் அனைவரும் இங்கிலாந்து உச்சரிப்பில் பேசுவதையும் பொறுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை முடிவில் இருக்கிறது. பிறப்பை மறைத்தாள் என்று சபை நடுவே டேனியெலைக் கைவிட்ட இளவரசன், அதற்குரிய விலையைக் கொடுப்பதே இல்லை. பிறகு மாற்றாந்தாயால் விற்கப்பட்ட அவள், வாங்கியவனிடமிருந்து வாள்முனையில் தன்னைத் தானே விடுவித்துக்கொண்டு வெளியேறும்போது இவன் எதிரே வந்து நின்று மன்னிப்புக் கேட்கிறான், உடனே மாலையும் விழுகிறது. மாற்றாந்தாய்க்கும் அவளுடைய செல்ல மகளுக்கும் கிடைக்கும் தண்டனையோ அரண்மனைச் சலவைச் சாலையில் வேலை. உழைப்பவர் பக்கம் நின்று பேசிய படம் கடைசியில் உழைப்பையே இழிவான தண்டனையாக ஆக்கியிருக்க வேண்டுமா? பேத்தி அந்தக் காட்சியில் கைதட்டினாள், சித்தி கைதட்டவில்லை.

படம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. என்னிடமுள்ள வட்டில் தமிழ் வசன வரிகள் இல்லாததால், வாதங்கள் வரும் இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. டேனியெல் விற்கப்பட்டுச் சங்கிலியில் கட்டப்படும் பகுதி சிறு பிள்ளைகளை அச்சுறுத்தக்கூடும் என்பதால், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுடன் அமர்ந்து பார்ப்பது நல்லது.