அப்பச்சி மண்டபமும் சில்லறைப் பஞ்சமும்

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆட்கள் கன்னியாகுமரிக்குப் போனால் விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, இப்போது புதிதாக அந்த இரண்டையும் இணைக்கிற கண்ணாடிப் பாலம், இதோடு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். படகு வரிசையிலேயே பாதி நாள் ஓடிவிடும் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் இந்தத் தடவை படகை விட்டுவிட்டு, கரையில் இருக்கிற காந்தி மண்டபத்துக்கும் அதை ஒட்டிய காமராஜர் மணிமண்டபத்துக்கும் போனோம். "பிள்ளைய அப்பச்சி மண்டபத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போ" என்று சிட்னிக்குப் போன் பண்ணும்போதெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். குமரி மாவட்டத்தில் அந்தத் தலைமுறைக்குக் காமராஜர் அப்பச்சிதான்.

அதற்கு முன்னால் வந்து சேர்ந்த கதை. திருவனந்தபுரத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தோம். பேசிய தொகை ஒன்று, களியக்காவிளை நெருங்கும்போது டிரைவர் கேட்டது இன்னொன்று. கேரள வண்டி தமிழ்நாட்டுக்குள் நுழைய பெர்மிட் போடணும், அது தனி என்றார். பெர்மிட் வேண்டும் என்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை விமான நிலையத்திலேயே சொல்லியிருக்கலாமே, தூக்கக் கலக்கத்தில் பிள்ளை மடியில் சாய்ந்திருக்கும்போது நடுரோட்டில் வைத்தா பேசுவது? கொடுத்தேன். நீங்கள் வண்டி பேசும்போது "பெர்மிட்டும் சேர்த்துத்தானே அண்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்த தலைவலி பணம். கையில் ரொக்கம் வைத்திருப்பவனை ஊரில் இப்போது விநோதமாகப் பார்க்கிறார்கள். டீக்கடை, ஆட்டோ, மட்டிப்பழம் விற்கிற பாட்டி வரைக்கும் ஸ்கேன் அட்டைதான். ஆஸ்திரேலிய போன் நம்பரை வைத்தே, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைத்திருக்கிற என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் யுபிஐ போட்டுக்கொள்ளலாம் என்று விதி வந்துவிட்டது, அதை நம்பி என் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைக்குப் போனால், ஒரு கவுண்டரில் அப்படி ஒன்றும் இல்லை சார் என்கிறார்கள், அடுத்த கவுண்டரில் ஃபாரம் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள், ஃபாரம் வாங்கியவர் மேனேஜர் லீவு என்கிறார். ஐநூறு ரூபாய் நோட்டுகளோடுதான் ஊர் சுற்றினேன். அதற்குச் சில்லறை யாரிடமும் இல்லை!

சரி, மண்டபத்துக்கு வருவோம். சுசீந்திரத்திலிருந்து டவுன் பஸ்ஸிலேயே போனோம். அம்மாவுக்கும் மகளுக்கும் பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டு, எனக்கு மட்டும் டிக்கெட். எந்த ஊர், என்ன அட்டை என்று கண்டக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை, கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்தப் பயணத்தில் எங்கும் இடறாமல் நடந்த ஒரே சேவை இதுதான் என்று எழுதினால் மிகையில்லை.

காந்தி மண்டபம் பலருக்கும் தெரிந்தது. 1948-இல் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில் 1956-இல் எழுந்த கட்டடம், உயரம் 79 அடி. அக்டோபர் 2 உச்சிவேளையில் கூரைத் துவாரம் வழியாக வெயில் நேராக அஸ்தி வைத்த இடத்தில் விழும். மகளுக்கு அந்தத் துவாரம்தான் பிடித்தது, கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தாள்.

காமராஜர் மண்டபத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை. அவருடைய அஸ்தியும் 1975-இல் இங்கேதான் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டு, பிறகு கடலில் கரைக்கப்பட்டது. அவர் இறந்ததும் அக்டோபர் 2, முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கியதும் 1963 அக்டோபர் 2. உள்ளே பழைய படங்கள். மகள் படம் படமாகப் போய், "எல்லாத்துலயும் ஒரே சட்டைதானா ஆச்சி?" என்றாள். அதே தொளதொள அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. டெல்லியில் பிரதமர் யார் என்று முடிவு பண்ணுகிற இடத்தில் இருந்தபோதும் அதேதான்.

அம்மா இல்லாமல் போயிருந்தால் இருபது நிமிடத்தில் வெளியே வந்திருப்போம். அவள்தான் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பேசினாள். 1967 தேர்தலில் விருதுநகரில் தோற்றவரை, இங்கே எம்.பி.யாக இருந்த நேசமணி இறந்ததால் 1969-இல் வந்த இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி ஒரு லட்சத்துக்கும் மேலான வாக்கு வித்தியாசத்தில் டெல்லிக்கு அனுப்பியது. 1971-லும் இங்கேதான் ஜெயித்தார். அம்மாவுக்கு அப்போது ஓட்டு வயசு ஆகவில்லை. எங்கள் தெரு வழியாகக் காரில் போனவரைப் பார்க்க வேலிமேல் ஏறி நின்று பாவாடையைக் கிழித்துக்கொண்டதை, "அதுக்கு எங்கம்மை அடிச்ச அடி இருக்கே மக்ளே" என்று பேத்தியிடம் சத்தமாகவே சொன்னாள், பக்கத்தில் நின்ற குடும்பம் படத்தை விட்டுவிட்டு இவளைப் பார்த்தது. 1954-இல் அவர் முதலமைச்சரானபோது இந்த மாவட்டமே சென்னை மாநிலத்தில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல்தான் சேர்ந்தோம் என்பதையும் அவள்தான் சொன்னாள். அதனால் பிள்ளைகளோடு போகிறவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். முழங்கால் வலி என்பார்கள், விடாதீர்கள்.

வெளியே வந்ததும் கழிப்பறை தேடினோம். கடற்கரைப் பக்கம் ஒரு கட்டணக் கழிப்பறை, வாசலில் இருந்தவருக்கு நாணயம்தான் வேண்டும். போன் வேண்டாம், ஐநூறு கண்டிப்பாக வேண்டாம். அம்மா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாணயங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எண்ணி வைத்தாள். உள்ளே தண்ணீர் வரவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் மாத்தூர் தொட்டிப்பாலம். கல்குளம், விளவங்கோடு பக்கத்து வறட்சிக்காகக் காமராஜர் காலத்தில் எடுத்த திட்டம், 1966-இல் கட்டி முடித்தது, 115 அடி உயரத்தில் பறளியாற்றுக்கு மேலே தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது. பக்கத்து நடைபாதையில் போகும்போது போனை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா பாதியிலேயே நின்றுவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க, அப்பச்சி தண்ணிக்குத்தான் கட்டுனாரு, எனக்கு நடக்கதுக்கு இல்ல" என்றாள்.